கழற்றிய பம்பரை என்ன செய்வது?

பழைய கார் ஒன்றைப் பிரித்துப் போட்டவருக்கு ஆரம்ப நாட்கள் சுகமானவை. இன்ஜினை இறக்கலாம். சீட்டைத் தைக்கக் கொடுக்கலாம். என்ன கலர் அடிப்பது என்று வீட்டாரோடு வாதாடலாம். இதற்கெல்லாம் ஊரறிந்த வழி இருக்கிறது. பம்பரைக் கழற்றித் தரையில் கிடத்தும் அன்றுதான் பட்டறை இரண்டு கட்சியாகப் பிரியும். “கொடுங்க சார், குரோம் போட்டுட்டா புதுசாட்டம் வந்துரும்” என்பார் டிங்கர். “அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிப் போட்டுடலாம்” என்பார் வயரிங் வேலைக்கு வந்தவர். அவருக்கும் பம்பருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கார்க்காரர் நடுவில் நின்று, துரு கொப்பளித்த அந்த இரும்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரும்பு உருக்குலையாமல் இருக்கும்வரை பழைய பம்பர்தான். பழையது என்றாலே உசத்தி என்ற பக்தியால் இதைச் சொல்லவில்லை. பம்பரில் கெட்டுப்போனது முலாம். முலாமை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அந்தக் காரின் முகத்தோடு பல வருடம் பொருந்தி இருந்த வளைவை மறுபடி உண்டாக்குவதுதான் பெரும்பாடு. அம்பாசிடராக இருந்தாலும் பத்மினியாக இருந்தாலும், அந்தக் காலத்தில் பாடியைச் சேர்த்து முடிப்பதில் கைவேலை நிறைய. ஒரே வருடத்து இரண்டு கார்களின் மட்கார்டுகூட ஓர் இழை முன்பின்னாக இருக்கும். தன் காரின் கோணலுக்கு ஏற்ப உட்கார்ந்து பழகிய பம்பரை எறிந்துவிட்டு, யாருடைய காருக்கும் என்று அச்சில் அடித்த ஒன்றை மாட்டப் போனால், இடதுபக்கம் விரல் நுழையும், வலதுபக்கம் பாடியில் உரசும்.

முடியை விட மெல்லிய மினுக்கு

குரோம் பம்பர் என்கிறோமே, அதில் குரோமியம் எவ்வளவு இருக்கிறது? நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பம்பரின் மேல் படிந்திருக்கும் குரோமியத்தின் தடிமன் கால் மைக்ரானிலிருந்து அரை மைக்ரான். அவ்வளவுதான். ஒரு முடியின் தடிமனுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட குரோமியப் படலங்களை அடுக்கலாம்.

கண்ணைப் பறிக்கிற அந்தப் பளபளப்பில் பெரும்பங்கு அடியில் கிடக்கும் நிக்கலுடையது. வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டிய பம்பருக்கு நிக்கல் 30 மைக்ரான் அளவுக்காவது இருக்க வேண்டும். நிக்கல் தனியாக இருந்தால் லேசான மஞ்சள் சாயல் அடிக்கும், நாளடைவில் மங்கும். அதன்மேல் ஏறும் குரோமியம் நீலச் சாயலைத் தந்து, மங்காமலும் சட்டென்று கீறாமலும் காக்கிறது. நிக்கலுக்கு அடியில் செம்பு. செம்புக்கு அடியில் இரும்பு. ‘குரோம் போடுவது’ என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று முலாம் வேலைகள்.

துருவின் கதையும் இந்த அடுக்கில்தான் இருக்கிறது. துத்தநாகம் பூசிய தகரத்தில் ஒரு கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கலின் குணம் நேர் எதிர். நிக்கலில் ஊசிமுனை அளவு துளை விழுந்து ஈரம் உள்ளே போனால், நிக்கல் பத்திரமாக இருக்கும். அடியில் உள்ள இரும்பு, வெறுமனே கிடந்தால் அரிப்பதை விட வேகமாக அந்த இடத்தில் அரிக்கும். மேலே கடுகளவு புள்ளி, கீழே பள்ளம் என்று பம்பர்களில் பார்ப்பது இதனால்தான். நல்ல தொழிற்சாலைகள் இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தன. நிக்கலையே இரண்டு வகையாக, அடியில் அரைப் பளபளப்பும் மேலே முழுப் பளபளப்புமாக ஏற்றினார்கள். மேலே உள்ள நிக்கலில் சேர்ந்திருக்கும் கந்தகம் காரணமாக அரிப்பு கீழே இறங்காமல் பக்கவாட்டில் பரவும். இரும்பை எட்டப் பல வருடம் பிடிக்கும்.

கடற்காற்றுக்கு முன்னால் இந்தத் தந்திரமும் ஓரளவுக்குத்தான். பெசன்ட் நகரில் தெருவோரம் நின்ற காரையும் கோயம்புத்தூரில் ஷெட்டுக்குள் நின்ற காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வருடத்தைக் கேட்கவே வேண்டாம், எது எங்கே வளர்ந்தது என்று பம்பர் சொல்லிவிடும். அதிலும் முன்பக்கத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. முலாம் தொட்டியில் மின்சாரம் மேடான இடங்களுக்கு ஓடும், குழிவுக்குள் போகத் தயங்கும். குரோமியம் இதில் படுமோசம். அதனால் பம்பரின் உட்புறத்தில் முலாம் பேருக்குத்தான் படிந்திருக்கும். சேறு அப்பிக்கொண்டு ஈரம் தங்குவதும் அங்கேதான். துரு முதுகிலிருந்து கிளம்பி முகத்துக்கு வருகிறது.

தொட்டிக்கு முன்னால் நடப்பது

முலாம் பட்டறை என்றதும் புகை கிளம்பும் தொட்டிகள்தான் நினைவுக்கு வரும். ஒரு பம்பரின் தலையெழுத்து அங்கே தீர்மானிக்கப்படுவதில்லை. தொட்டிக்கு வருவதற்கு முன், சத்தமும் தூசியும் நிறைந்த பஃப் மெஷின் முன்னால் அது தீர்மானமாகிவிடும்.

முதலில் பழைய முலாமை உரிக்க வேண்டும். குரோமியத்துக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும், சில நிமிடங்களில் கரைந்துபோகும். நிக்கல் அப்படி லேசில் விடாது. அதைக் கந்தக அமிலத்தில் தொங்கவிட்டு, முலாம் ஏற்றும்போது பாயும் திசைக்கு எதிராக மின்சாரத்தைப் பாய்ச்சி உரிப்பார்கள். இங்கே பொறுமை வேண்டும், கவனமும் வேண்டும். அமிலத்தில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய், அங்கேயே பேச்சு வளர்ந்துவிட்டால் நிக்கலோடு இரும்பும் அரிபட்டு, இல்லாத குழிகள் புதிதாக வரும்.

உரித்த பிறகு தெரிவதுதான் பம்பரின் உண்மையான உடம்பு. எந்த லாரி எந்த இடத்தில் இடித்தது, எந்த டிங்கர் எங்கே சுத்தியால் அடித்து நிமிர்த்தினார், எங்கே வெல்டிங் வைத்தார் என்று எல்லாம் வெளியே வரும். நசுங்கலை நிமிர்த்துவது இப்போதுதான். பெயின்ட் வேலையில் பழகியவர்கள் இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுவார்கள். பாடியில் பள்ளம் இருந்தால் பட்டி வைத்து இழைத்துவிடலாம். பம்பரில் பட்டி உதவாது. பட்டியில் மின்சாரம் பாயாது, மின்சாரம் பாயாத இடத்தில் முலாம் ஏறாது. குழியை உலோகத்தால்தான் நிரப்ப வேண்டும். பெரிய குழிக்கு பித்தளை வைத்து பிரேஸிங். சிறு குழிகளுக்குச் செம்பு: தடிமனாகச் செம்பு முலாம் ஏற்றி, எமரி போட்டுத் தேய்த்து, குழி தெரிந்தால் மறுபடி செம்பு, மறுபடி தேய்ப்பு. மேடு கரைந்து பள்ளம் நிரம்பும்வரை இது ஓயாது. அக்கறையுள்ள பட்டறையில் ஒரு பம்பர் செம்புத் தொட்டிக்கும் எமரிச் சக்கரத்துக்கும் இடையே பலமுறை போய்வரும். அவசரப் பட்டறையில் ஒரே முறை.

பஃப் அடிப்பவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரசீதில் அவர் பெயர் இருக்காது, கடைப் பலகையிலும் இருக்காது. முரட்டு எமரியில் தொடங்கி மெல்லியதற்கு இறங்கி, துணிச் சக்கரத்தில் மெழுகு தடவி முடிக்கிற வரைக்கும், ஒரு ஆள் உயர இரும்பைக் கையில் ஏந்திச் சுழலும் சக்கரத்தில் வைத்து இழுக்கிறார். அழுத்தம் கொஞ்சம் கூடினால் விளிம்பு மழுங்கும். போல்ட் துளையின் வாய் நீளும். நடுவில் ஓடும் கூர்மையான மடிப்பு, வடிவமைத்தவர் யோசித்து வைத்த கோடு, சோப்புக்கட்டியின் விளிம்பாகக் கரைந்துபோகும். இப்படிக் கரைந்த பம்பர்களை நம் ஊர் பேரணிகளில் நிறையப் பார்க்கலாம். தூரத்தில் கண்ணாடி, பக்கத்தில் போனால் கோடுகளே இல்லாத வழவழப்பு. பழைய பம்பருக்கு முலாம் போடுவதில் உள்ள பெரிய ஆபத்து துருவைவிட இதுதான் என்பேன். நாலைந்து முறை உரித்துத் தேய்த்த பம்பரில் இரும்பே மெலிந்திருக்கும்.

அப்புறம்தான் நிக்கல் தொட்டி. வெதுவெதுப்பான பச்சைக் கரைசல். நிக்கல் கட்டிகள் கரைந்து பம்பர்மேல் படியும். 1916-இல் ஆலிவர் வாட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்த நிக்கல் சல்ஃபேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலக் கலவைதான் பளபளப்புக்கான சேர்மானங்களோடு இன்றும் புழங்குகிறது. நிக்கலில் எவ்வளவு நேரம் தொங்குகிறதோ அவ்வளவு ஆயுள். கடைசியில் வரும் குரோமியத் தொட்டியில் வேலை சில நிமிடங்கள்தான். லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம், அதில் நூற்றில் ஒரு பங்கு கந்தக அமிலம். இந்த விகிதத்தைப் பிடிப்பதற்குத்தான் விஞ்ஞானிகள் பல்லாண்டு தவித்தார்கள். 1920களின் நடுவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காலின் ஃபிங்க் வேலைக்குப் பிறகே குரோமிய முலாம் தொழிற்சாலைக்கு வந்தது. இங்கே குரோமியம் எந்தக் கட்டியிலிருந்தும் வருவதில்லை. எதிரே தொங்குவது ஈயத் தகடு. கரைசலே உலோகத்தைத் தருகிறது.

இப்போது விலைக்கு வருவோம். அளவு சின்னதான குரோமியம் விலையில் ஒரு பொருட்டே இல்லை. காசு தின்பது கைவேலையும் நிக்கலும். நிக்கல் சந்தை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம்: 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் அதன் விலை டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைய வர்த்தகத்தையே சந்தை ரத்து செய்ய வேண்டிவந்தது. எனவே ஒரு பட்டறை மற்றவரை விடப் பாதி விலை சொன்னால், அவர் குறைத்தது இந்த இரண்டில் ஒன்று: தேய்க்கும் நேரம், அல்லது நிக்கலின் தடிமன். இரண்டும் வாங்குகிற அன்று கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு இடத்திலும் குறைக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

புதுசு என்றால் எந்தப் புதுசு?

கடைக்காரர் ‘புதுசு’ என்று நீட்டுவதில் பல ஜாதி உண்டு. கார் கம்பெனியே அந்தக் காலத்தில் செய்து, ஏதோ ஒரு டீலர் கிடங்கில் எண்ணெய்க் காகிதத்தோடு தூங்கிய பம்பர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மூடிய கண்ணைக் கொஞ்சம் திறந்து முதுகுப்பக்கத் துருவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, உடைத்த காரிலிருந்து எடுத்தது. புதுப்பேட்டையில் தேடுவோர் தேடுவது இதைத்தான். உங்களுடையதை விட நல்ல இரும்பு கிடைத்தால் அதை வாங்கி முலாம் போடுவது அறிவுள்ள வேலை. மூன்றாவது, அச்சு பார்த்துப் புதிதாக அடித்த டூப்ளிகேட்.

டூப்ளிகேட்டை ஒட்டுமொத்தமாக இகழ எனக்கு மனம் வரவில்லை. தினமும் ஓடுகிற அம்பாசிடருக்கு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வரும் பத்மினிக்கு, அது தாராளமாகப் போதும். பழைய பம்பரில் துரு ஓட்டை விழுந்து விளிம்பு காகிதமாகிவிட்டால் வேறு வழியும் இல்லை. தகரம் மெல்லிசாக இருக்கும், போல்ட் துளை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், நிக்கல் கஞ்சத்தனமாக இருக்கும் என்று தெரிந்தே வாங்க வேண்டும். கையில் தூக்கிப் பார்த்தாலே பழையதற்கும் இதற்கும் எடை வித்தியாசம் தெரியும். காருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் மாட்டிப் பார்ப்பது முக்கியம். அடித்த பிறகு மாட்டிப் பார்த்தால், பம்பரை வளைத்து நெளித்துப் பொருத்துகிற கூத்தில் புதுப் பெயின்ட் போகும்.

கிடைப்பதும் காருக்குக் கார் மாறும். அம்பாசிடரை 2014 வரை உத்தர்பாராவில் செய்துகொண்டிருந்தார்கள், ஊர் முழுக்க டாக்ஸியாக ஓடியது. அதற்குரிய பாகம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நம்ம பெருங்களத்தூரில் பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கம்பெனியே மூடிப் பல காலம் ஆகிவிட்டது. அதன் பிரிட்டிஷ் உடன்பிறப்பான டிரையம்ஃப் ஹெரால்டுக்குப் பாகம் விற்கிற இங்கிலாந்துக் கடைகளைத் தேட வேண்டும். விலையோடு கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேரும். வந்து சேர்வது இந்திய மாடலுக்குப் பொருந்துமா என்பது அடுத்த கவலை. ஹெரால்டு வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுரையின் கேள்வியே எழாது. இருக்கிற இரும்பைத்தான் அவர் காப்பாற்றியாக வேண்டும்.

நான்காவதாக ஒரு ஜாதி அண்மைக்காலத்தில் செல்வாக்கு பெற்றிருக்கிறது: துருப்பிடிக்காத எஃகில் செய்து கண்ணாடி போல மெருகேற்றிய பம்பர். ஐரோப்பிய கார்களுக்கு வியட்நாமில் செய்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். முலாமே இல்லை, எனவே உரியவும் உரியாது. கடலோர ஊர்க்காரருக்கு இது வரப்பிரசாதம். கண்கூர்மை உள்ளவர் மட்டும் கண்டுபிடிப்பார். எஃகின் மினுக்கில் கொஞ்சம் வெதுவெதுப்பான சாம்பல் இருக்கும், குரோமியத்தின் குளிர்ந்த நீலம் இருக்காது. சந்தேகம் இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். இந்த வகை எஃகில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. இரும்பின்மேல் முலாம் என்றால் சட்டென்று பிடிக்கும். பம்பர் எஃகு, பக்கத்தில் கிரில்லும் ஹெட்லைட் வளையமும் குரோம் என்று கலந்து மாட்டினால் வெயிலில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒன்று எல்லாம் அது, இல்லையேல் எல்லாம் இது.

எது ஒரிஜினல்?

2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வாகனங்களுக்கென்று பதிவு விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடம் தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள், அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருந்தால், ‘விஏ’ என்ற எழுத்துகளோடு நம்பர் பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றை மாற்றி அமைத்திருக்கக் கூடாது என்கிறது விதி. பம்பரைப் பற்றித் தனியாகப் பேசவில்லை. எனவே சட்டத்துக்கு உங்கள் பம்பர் புதுசா பழசா என்ற கவலை இல்லை. கவலைப்படுபவர்கள் போட்டி நடுவர்களும், விற்கப் போனால் வாங்க வருகிறவரும்தான்.

அந்த நடுவர்களின் ரசனையும் மாறிக்கொண்டே வருகிறது. ஒரு காலத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்கிற அளவுக்கு மினுக்கினால் பரிசு. இப்போது உலக அளவிலான பழங்கால வாகனக் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனம், புதுப்பிப்பதை விடப் பாதுகாப்பதையே முன்னால் வைக்கிறது. லேசாக மங்கிய, அங்கங்கே புள்ளி விழுந்த, ஆனால் தொழிற்சாலையில் ஏறிய அதே முலாம் இன்னும் இருக்கிறதென்றால், முலாமும் வேண்டாம் புதுசும் வேண்டாம், கழுவித் துடைத்து மெழுகு பூசி விட்டுவிடுங்கள் என்பது மூன்றாவது கட்சி. பட்டறைச் சண்டையில் இந்தக் கட்சிக்கு ஆள் இருக்காது. அதில் யாருக்கும் வேலை இல்லை, கமிஷனும் இல்லை.

அசல் என்பதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாலும் சிக்கல் உண்டு. கொரியப் போர்க் காலத்தில் ஜெட் இன்ஜின்களுக்கும் ராணுவ எஃகுக்கும் நிக்கல் தேவைப்பட்டதால் அமெரிக்க அரசு கார் கம்பெனிகளுக்கு நிக்கலைச் சுருக்கியது. 1952, 53 மாடல் கார்கள் பலவற்றில் நிக்கல் இல்லாமல், செம்பின்மேல் நேராகக் குரோமியம் போட்டு, அதைக் காக்க ஒரு தெளிந்த வார்னிஷும் அடித்து அனுப்பினார்கள். வாங்கிய கையோடு துருப்பிடித்தன. அந்தக் காரை இன்று புதுப்பிக்கிற யாரும் ‘அசல்படி’ நிக்கல் இல்லாமல் முலாம் போடுங்கள் என்று கேட்பதில்லை. எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. குரோமிய முலாம் புழக்கத்துக்கு வந்ததே 1920களின் பிற்பாதியில். அதற்கு முந்தைய கார்களில் இருந்தது பித்தளையும் நிக்கலும். 1915 மாடல் கார் ஒன்று தலை முதல் கால் வரை குரோமில் ஜொலித்தால் கைதட்டுகிறார்கள். நிக்கலின் இளமஞ்சள் மெருகில் இருக்க வேண்டிய கார் அது.

குரோம் பம்பரின் ராஜ்யத்தை முடித்துவைத்ததும் ஒரு சட்டம்தான். 1972 செப்டம்பர் முதல் அமெரிக்காவில், மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பக்கம் மோதினால் விளக்கும் மற்ற பாதுகாப்பு உறுப்புகளும் கெடக் கூடாது என்று விதி வந்தது. பிரிட்டனின் எம்ஜிபி காருக்கு 1974-இல் கறுப்பு ரப்பர் மூஞ்சி வந்தது இதனால்தான். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகக் குரோம் பம்பர் வாங்கி மாட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அசல்தான் அசிங்கம்.

மஞ்சள் தண்ணீர்

விலையைக் குறைக்க இன்னொரு இடம் உண்டு என்றேனே, அது பட்டறையின் பின்கட்டு.

குரோமியத் தொட்டி ஒரு வீணான தொட்டி. பாய்ச்சுகிற மின்சாரத்தில் பத்திலிருந்து இருபது சதவீதம்தான் உலோகமாகப் படிகிறது. மிச்சம் தண்ணீரைப் பிரித்து வாயுவாக்குகிறது. அந்தக் குமிழிகள் வெடிக்கும்போது கரைசல் நுண்ணிய பனியாகக் காற்றில் எழும். அதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்திய பொருள். வருடக்கணக்காக அதைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் துளை விழுவது பழைய மருத்துவக் குறிப்புகளிலேயே இருக்கிறது. கையில் ஆறாத புண்கள். உறிஞ்சு விசிறியும் கையுறையும் முகமூடியும் இருந்தால் இது தடுக்கக்கூடியது. அவற்றுக்குக் காசு ஆகும்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் மோசம். நம் நாட்டு விதிப்படி நீர்நிலையில் விடும் கழிவில் இந்தக் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தொட்டிக் கரைசல் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 130 கிராம் குரோமியம் இருக்கிறது. ஒரு லிட்டரைச் சாக்கடையில் கொட்டினால், அதை விதிக்குள் கொண்டுவர 13 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். பம்பரின் குழிவான முதுகு ஒவ்வொரு முறை தொட்டியிலிருந்து எழும்போதும் கொஞ்சம் கரைசலை அள்ளிக்கொண்டே வருகிறது. ஒழுங்கான பட்டறை அதைக் கழுவிய தண்ணீரைப் பிடித்து, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டு விஷம் குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றி, சுண்ணாம்பு சேர்த்து வண்டலாகப் படியவைத்து, முறைப்படி அப்புறப்படுத்தும். மஞ்சள் தண்ணீர் பச்சையாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒழுங்கில்லாத இடத்தில் மஞ்சள் மஞ்சளாகவே வெளியே போகும். அந்த மிச்சம்தான் உங்கள் ரசீதில் தள்ளுபடி.

இது நமக்குத் தொலைதூரச் செய்தி இல்லை. தோல் பதனிடும் தொழிலுக்காகக் குரோமிய உப்பு தயாரித்து, 1990களின் நடுவில் மூடப்பட்ட ராணிப்பேட்டை ஆலை லட்சக்கணக்கான டன் கழிவை அங்கேயே மலையாக விட்டுப்போனது. 2006-இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியல் ஒன்றில் ராணிப்பேட்டை பெயர் வந்ததற்கு அது காரணம். அது முலாம் பட்டறை இல்லை, உண்மைதான். நிலத்தடி நீரில் இறங்கிய குரோமியம் எத்தனை காலம் நின்று பேசும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

உலகம் இந்த முலாமை மெல்லக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியாது. கலிஃபோர்னியாவின் காற்று வாரியம் 2023 மே மாதம் எடுத்த முடிவின்படி, அலங்கார முலாமுக்கு இது 2027 தொடக்கத்திலிருந்து தடை. வேறு முறைக்கு மாறுகிறவர்களுக்கு மட்டும் சற்று அவகாசம். பழைய கார்க்காரர்கள் அங்கே கூச்சலிட்டார்கள். மாற்றாக வரும் மூன்று இணைதிறன் குரோமிய முலாம் வேலை செய்கிறது. நிறம்தான் ஒரு சாயல் கறுப்பு. முன் பம்பர் பழைய முறையிலும் பின் பம்பர் புதிய முறையிலும் இருந்தால் வெயிலில் பல்லைக் காட்டும். எல்லாவற்றையும் ஒரே முறையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நம் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமே மின்முலாம் ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம். அறிவுக்குப் பஞ்சமில்லாத ஊரில் மூக்கு துளைபடும் வேலை தொடர வேண்டியதில்லை. பழைய பம்பருக்கு முலாம் போடுவதை ஆதரிக்கிற நான், பின்கட்டைக் காட்ட மறுக்கும் பட்டறைக்குப் பம்பரைக் கொடுப்பதை ஆதரிக்க மாட்டேன். விலை ஏறும்தான். ஏறட்டும். இதுவரை குறைவாக இருந்ததற்கு வேறு யாரோ பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கொடுப்பதற்கு முன்

பம்பரைக் கொண்டுபோகுமுன் நாலாபக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் யாருக்கும் தெரியாத இடத்தில் பஞ்ச் உளியால் ஒரு குறி அடித்துவிடுங்கள். அமெரிக்காவில் பழையதை வாங்கிக்கொண்டு வேறொருவருடைய முலாம் போட்ட பம்பரை மாற்றிக் கொடுப்பது வெளிப்படையான வியாபார முறை. இங்கே அது கவனக்குறைவால் நடக்கும். உங்களுடையதே திரும்பி வரவேண்டும் என்பதுதானே இத்தனை பாடும்.

செம்பு ஏறி நிற்கும் கட்டத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். டியூப்லைட்டின் பிம்பம் அதில் நேராக ஓடுகிறதா, நெளிகிறதா என்று பார்த்தால் போதும். நெளிந்தால் இன்னும் தேய்க்கச் சொல்லலாம். நிக்கல் ஏறிவிட்டால் அந்த நெளிவு காரின் ஆயுள் முழுக்க உங்களைப் பார்த்துச் சிரிக்கும். முன், பின், ஓவர்ரைடர், வீல் கப் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் கொடுங்கள். கதவுக் கைப்பிடி, பேட்ஜ் போன்ற துத்தநாக வார்ப்புகளை மட்டும் பம்பரோடு சேர்த்து அனுப்பாதீர்கள். இரும்பை உரிக்கும் அமிலம் துத்தநாகத்தை விழுங்கிவிடும். அது தனி வேலை, அதற்குத் தனி ஆள். 1930களின் காரில் வருவது போன்ற பட்டை ஸ்பிரிங் எஃகுப் பம்பர் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். முலாமின்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜனை அடுப்பில் வைத்து வெளியேற்றாவிட்டால் ஒருநாள் சடக்கென்று ஒடியும்.

திரும்பி வந்ததும் முகத்தைப் பார்த்து மயங்காமல் முதுகுக்கு வேலை கொடுங்கள். நன்றாகக் கழுவி உலர்த்தி, துருத் தடுப்பு பிரைமரும் சில்வர் பெயின்டும் அடித்தால் ஆயுள் கூடும். மடிப்புகளுக்குள் தொட்டிக் கரைசல் தங்கியிருந்தால் சில வாரத்தில் மஞ்சளாகக் கசியும், அதற்குள் பிடித்துவிட வேண்டும். டூப்ளிகேட்தான் வாங்கினீர்கள் என்றால் கழற்றிய பழையதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றுங்கள். காரை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

பிறகு, போல்ட். இவ்வளவு செலவு செய்து ஜொலிக்கிற பம்பரை, தெருமுனை ஹார்டுவேர் கடையில் வாங்கிய அறுகோணத் தலை போல்ட்டால் முடுக்கி நிறுத்தியிருப்பதை எத்தனையோ கார்களில் பார்த்திருக்கிறேன். பழைய கார்களில் வருவது குமிழ்த் தலை போல்ட். பம்பரைக் கொடுக்கும்போதே அவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.